காட்டெருமைக்கு அரைப்பேர்

பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்றானபோது, கீழ்கோத்தகிரிப் பக்கம் பலரும் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டார்கள். நானும் விட்டேன். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் முதல் வருஷம் மார்புக்கு வந்தன. அடுத்த வருஷம் என் தலையைத் தாண்டின. அந்த நிழலுக்குள் காட்டெருமைகள் வந்து படுக்கத் தொடங்கின. வீட்டிலிருந்து தார்ச்சாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நான் இருமிக்கொண்டேதான் நடப்பேன், அவற்றுக்கு முன்கூட்டித் தெரியட்டும் என்று. இருமல் எனக்கு எப்படியும் உண்டு.

எனக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் கடந்துபோக எனக்கு வராது. எங்கள் எல்லையில் நின்ற, ஊரில் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்கள் முப்பத்தெட்டு. மனைவி இறந்தபின் வீட்டில் நான் ஒருவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாயிருந்த மகள் அந்த மழைக்காலத்தில் திரும்பி வந்ததும் இருவரானோம்.

அவள் வேலை பார்த்த பிரிவையே மூடிவிட்டார்கள் என்றாள். வேறு ஏதோ நடந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. இரண்டு பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, தேயிலையைப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சாப்பிடுகிறாயா என்றால் 'ம்'. குளிருதா என்றால் 'ம்'. வாசல் படலைத் தாண்டி அவள் போகவே இல்லை. நான் கேஸ் தீர்ந்துவிடுமோ, கூரை ஒழுகுமோ, கதவைத் தாழிட்டோமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையான கவலை எதுவென்று எனக்குத் தெரியும். அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் முன்பு கொழுந்து எடுத்த பெண்மணி ஒருவர் கீழே காலனியில், அவர் லயம் என்று சொல்லும் வரிசை வீடு ஒன்றில் இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். கணவர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். எங்களிடம் வேலை இல்லாமல் போன பிறகும் கீரையோ விறகோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுக்களைப் படியில் உட்கார்ந்து டீ குடித்துப் போவார். அப்படி வந்த ஒரு மதியம், மகள் பையிலிருந்து எதையோ மேசையில் கொட்டி வைத்திருந்தாள். வண்ண வண்ணப் பகடைகள். நாலு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. பத்து முகத்தில் மட்டும் இரண்டு. ஆக ஏழு.

"இதென்ன புள்ள, பாசிமணி யாவாரம் பண்ணப் போறியா?" என்றார் அவர்.

மகள் பதில் சொன்னாள். வந்து ஆறு வாரத்தில் அவள் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பெங்களூரில் வேலை முடிந்து நண்பர்களோடு ஆடும் ஆட்டம் என்றாள். மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருத்தர் நடுவர். அவர் ஒரு ஊரை, ஒரு காட்டை, அங்கே நடப்பதைச் சொல்லிக்கொண்டு வருவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். "நம்ம பேசுறதுதாங்க்கா ஆட்டம்."

"லயத்துல பூராவும் நாங்க இதத்தான் பண்றோம். உருட்டுறதில்ல, அவ்வளவுதான்."

அப்படித் தொடங்கியது. வியாழக்கிழமை மதியங்களில் ஆடினோம். மூன்றாவது ஆள் சாலையோர மளிகைக்கடை பாய். அரிசி கொண்டுவந்தவர் பகடையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "நாம சூதாடறதில்லீங்க வாத்தியாரே." காசு கிடையாது என்று சொன்னதும் உட்கார்ந்தார். தோட்டக்காரர் கையில் காசு இல்லாத காலம். அவர் கடையில் மதியத்துக்கு மேல் ஈ மட்டும்தான் வரும். பேச ஆள் வேண்டியிருந்தது அவருக்கு.

மகள் நடுவர். பாய் வாள்வீரன் ஆனார். பெண்மணி வில்லேந்திய வேட்டைக்காரி. எனக்கு மிச்சமிருந்த வேஷம், பாட்டுப் பாடுகிறவன். மகள் ஆங்கிலப் பெயரைச் சொன்னாள். பாணன் என்று சொல், நம்மிடமே வார்த்தை இருக்கிறது என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

"சண்டைக்குப் போற எடத்துல பாட்டுக்காரருக்கு என்ன வேல?" என்றார் பாய். "இவருக்கும் சேத்து நாந்தான் வெட்டணும்."

பாணனின் வேலை இதுதான். அவன் பாடிக்கொண்டிருக்கும் வரை, கூட நிற்கிறவர்கள் ஒவ்வொருவரும் அடிக்கும்போது பகடையில் விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். ஒன்றுதான். இருபது முகத்தில் ஒரு முகம். நூற்றுக்கு ஐந்து. பாய் சிரித்தார். ஆனால் அந்த ஒன்று எனக்கு மட்டும் உரியது அல்ல, கூட நிற்கிற ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் விழும். ஆள் கூடக் கூட அதன் மதிப்பு கூடும். தனியாக நிற்கிற பாணன் ஒன்றுக்கும் ஆகமாட்டான். எனக்கு அந்தக் கணக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மகள் கேட்பாள், "பாட்டு ஓடுதாப்பா?" நான் "ஓடுது" என்பேன். முதல் நாளே பெண்மணி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஓடுதுன்னா எங்க ஓடுது? வாய் அசையக் காணோம். பாடுங்க ஐயா."

எனக்குப் பாட்டு வராது. ஒரு பாட்டுகூட முழுதாகத் தெரியாது. வகுப்பில் பிள்ளைகளோடு ராகம் போட்டுச் சொல்லிய வாய்ப்பாடு மட்டும்தான் தொண்டையில் இருந்தது. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை எடுத்தேன். சுற்றுக்கு ஒரு வரி. "பதிமூணு ஒண்ணு பதிமூ...ணு." பாய் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. ஆனால் பகடையை எடுத்த கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. "சரி, ஓடுது. எல்லாருக்கும் ஒண்ணு கூட்டிக்கங்க" என்றாள்.

மழை விட்டது, பனி வந்தது. நாங்கள் ஒரு கற்பனை மலையில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வியாழக்கிழமை பாலத்தடியில் எதிரியின் ஓநாய்கள் வழிமறித்தன. பாணனுக்கு இன்னொரு வித்தையும் உண்டு, கேட்பவரை மயக்கி நிறுத்துவது. நான் பாடினேன். பகடை பதினேழு காட்டியது. ஓநாய்கள் காதை நிமிர்த்தி அப்படியே உட்கார்ந்துவிட்டன என்றாள் மகள். நாங்கள் பாலம் தாண்டினோம். அன்று யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்பதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு வேட்டைக்காரிக்கு ஒரு மிருகத் துணை வைத்துக்கொள்ளும் தகுதி வந்தது. மகள் ஆட்டத்தின் சட்டப் புத்தக நகல் தாள்களைப் பார்த்து வரிசையாகச் சொன்னாள். ஓநாய், கரடி, பருந்து, சிறுத்தை. காட்டெருமையும் இருந்தது.

"அது போதும். காட்டெருமய எடுத்துக்கிறேன்."

"அக்கா, ஓநாய்னா மோப்பம் பிடிக்கும்."

"எனக்கு மோப்பம் வேணாம் புள்ள. தெனம் உங்க ஊட்டுக்கு வர்ற பாதையில அது நிக்குது. எப்ப முட்டுமோன்னு உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றேன். இங்கயாவது நம்ம பக்கம் நிக்கட்டும்."

மேசையில் அதற்கு ஒரு கொட்டைப்பாக்கை வைத்தார். பாய்க்குச் சட்டைப் பொத்தான், எனக்குச் சாக்பீஸ் துண்டு, வேட்டைக்காரிக்கு ஒரு புளியங்கொட்டை. எதிரிகள் பெரியவர்களாக இருந்தால் என் இருமல் மருந்துக் குப்பி.

காட்டெருமை வந்த அன்றே தகராறும் வந்தது. நான் பாடுகிறேன். கூட நிற்கிறவர்களுக்கு ஒன்று கூடும். காட்டெருமைக்குக் கூடுமா?

"கூடாது" என்றார் பாய். "பாட்டுக் கேட்டுத் தைரியம் வர்றதுன்னா, பாட்டுல என்ன சொல்றாங்கன்னு தெரியணும். மாட்டுக்கு என்னங்க தெரியும்?"

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு புள்ள?"

மகள் தாளைப் பார்த்தாள். "கூட இருக்கிறவங்க காதுல விழணும்னு இருக்குங்க்கா. விளங்கணும்னு இல்ல. மிருகத்தப் பத்தியும் ஒண்ணும் இல்ல."

"காது அதுக்கு இருக்குதானே? எம்மாம் பெரிய காது!"

"காது இருந்தாப் போதுமா அக்கா? விளங்கணுமே" என்றார் பாய்.

"ஐயா பாடுற வாய்ப்பாடு உங்களுக்கு விளங்குதா பாய்?"

பாய் விரல்களை எண்ணிப் பார்த்தார். "பத்து வரைக்கும் விளங்கும்" என்றார்.

நான் பாலத்தடி ஓநாய்களை நினைவூட்டினேன். எதிரியின் ஓநாயை மயக்கிய பாட்டு நம் காட்டெருமையைத் தூண்டாதா? அன்று பாலம் தாண்டியபோது பாய் ஏன் பேசவில்லை?

"அது மயக்கம், இது தைரியம். மயங்குறதுக்கு அறிவு வேண்டியதில்லீங்க. சாராயம் குடிச்சா யானையும்தான் மயங்குது. தைரியம் அப்படியா? எதுக்காக நிக்கிறோம்னு தெரிஞ்சாத்தான் வரும்."

அது மோசமான வாதம் அல்ல. நான் யோசித்தேன். மகளும் யோசித்தாள். அவள் கன்னத்தில் கை வைத்து எதையாவது யோசித்துப் பார்த்து நாளாகியிருந்தது. காட்டெருமை ஏற்கெனவே பலசாலி, இன்னும் ஒன்று கூட்டினால் மற்ற இருவருக்கும் வேலையே இருக்காது என்பது அவள் தயக்கம்.

கடைசியில் பெண்மணிதான் பேரத்துக்கு இறங்கினார். "முழுப்பேர் ஏலாதுன்னா விடுங்க. அரப்பேர் போடுங்க."

தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். காலையில் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் வரிசையில் நின்று, அன்றைய எடைக்குக் கொழுந்து கொடுத்தால் ஒரு பேர் விழும். எடை குறைந்தாலோ பாதியில் போனாலோ அரைப்பேர். அவர் பிறந்த இலங்கைத் தோட்டத்திலும் அதே கணக்குதான். வேலைக்கு வந்து நின்ற யாரையும் ஒரேயடியாக இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது அவர் கட்சி.

"பகடையில அரை எப்படிங்க்கா கூட்டறது?" என்றாள் மகள்.

அதற்கு வழி என்னிடம் இருந்தது. அரையை ஒவ்வொரு சுற்றிலும் கொடுக்க முடியாது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஒன்று கொடுத்தால் சராசரியில் அரைதான். நான் சொல்லும் வாய்ப்பாட்டு வரி ஒற்றைப்படை என்றால் காட்டெருமைக்கு ஒன்று உண்டு. இரட்டைப்படை என்றால் இல்லை, அது வெற்றுச் சுற்று. மகள் அதைத் தீர்ப்பாகச் சொன்னாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். உலகத்தில் வேறு யாரும் அப்படி ஆடியிருக்கமாட்டார்கள். சில வாரம் அது நன்றாகவே நடந்தது. "ஒத்தையா ரெட்டையா ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெண்மணி காட்டெருமையைப் பாயவிடுவார். மகள் வியாழக்கிழமைகளில் இரண்டு வேளை சாப்பிட்டாள். புதன்கிழமைகளில் அடுத்த நாளுக்கான மலையை யோசித்துத் தாளில் வரைந்தாள். மற்ற நாட்களில் சன்னல்தான்.

அப்போது பெண்மணியின் மகன் பாய் கடைக்குப் போன் போட்டு, அவரைத் திருப்பூருக்கே வந்துவிடும்படி கூப்பிடத் தொடங்கினான். காலனியில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. கொழுந்து எடுத்த கைகளெல்லாம் பனியனில் பிசிறு வெட்டப் போய்விட்டன. இங்கே என்ன செய்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான்.

"எரும இருக்கிற வரைக்கும் இருப்பேன்னு சொல்லிட்டேன்" என்றார் எங்களிடம். "அவன், எப்பம்மா எரும வாங்குனேங்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் போனால் மேசை கலைந்துவிடும். மேசை கலைந்தால் மகள் எல்லா நாளும் சன்னலுக்குப் போய்விடுவாள். எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். அன்று முதல் அந்தக் கொட்டைப்பாக்கு பத்திரமாக இருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்தேன்.

மலை உச்சிக்கு முந்திய கணவாயில் ஒரு பூதம் காவல் நின்றது. மருந்துக் குப்பியை மகள் மேசை நடுவில் வைத்தாள். பூதத்தின்மேல் அடி பட, பகடையும் அடிப்பவரின் பலமும் சேர்ந்து பதினாறு வேண்டும் என்றாள். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. பாய் இருமுறை வெட்டினார். வேட்டைக்காரியின் அம்புகள் பிசகின. காட்டெருமை ஒருமுறை குத்தியது. நான்காவது சுற்றில் நான் "பதிமூணு நாலு அம்பத்திரெண்டு" என்றேன். பெண்மணி உற்சாகத்தில் ஒற்றையா இரட்டையா என்று கேட்காமலே பாயவிட்டார். பகடை பதினொன்று. காட்டெருமையின் பலத்துக்கு நாலு. பதினைந்து.

ஒன்று குறைந்தது.

"பாட்டுக்கு ஒண்ணு. பதினாறு" என்றார் அவர்.

"வெத்துச் சுத்துங்க்கா" என்றாள் மகள்.

"இல்ல புள்ள, ஐயா இப்ப மூணாவதுதான் சொன்னாரு. அப்பிடித்தானே பாய்?"

"எனக்கும் மூணு மாதிரித்தான் கேட்டுச்சு" என்றார் பாய். மிருகத்துக்குப் பாட்டே கூடாது என்று வாதாடியவர்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் என் மகள், அவளும் எண்ணுவாள்.

"நாலு" என்றேன். "அம்பத்திரெண்டு சொல்லிட்டேன்."

பூதத்தின் அடி காட்டெருமைமேல் விழுந்தது. மகள் எட்டு முகப் பகடையை இருமுறை உருட்டிக் கூட்டினாள். காட்டெருமையின் உயிர்க்கணக்கு பூச்சியத்துக்குக் கீழே இரண்டு போயிற்று. அப்படிப் போனால் உடனே சாவு இல்லை. மயங்கிக் கிடக்கும், இரத்தம் ஓடும், சுற்றுக்கு ஒன்று குறையும். பூச்சியத்துக்குக் கீழே பத்தைத் தொட்டால் முடிந்தது. ஆக எட்டுச் சுற்று அவகாசம். அந்த இடத்தில் கரண்ட் போயிற்று. வெளியே பனிமூட்டம் சன்னலை ஒட்டி வந்துவிட்டது. இருட்டுக்கு முன்னால் பாதையைத் தாண்ட வேண்டுமே என்று பாயும் பெண்மணியும் எழுந்தார்கள்.

"எரும வுழுந்திருச்சு" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "இனி அவன்கிட்ட என்ன சொல்றது?"

திங்கட்கிழமை பெண்மணியின் மகன் வந்து சாமான்களைக் கட்டினான். பேருந்துக்குப் போகும் முன் அவர் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். காய்கள் கலையாதபடி மேசையை மூடியிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார். பாக்கு சாய்ந்து கிடந்தது. தொடவில்லை.

"யாரும் உருட்டக்கூடாது" என்றார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் பாய் கடைக்குப் போன் போடுவேன். நீ அங்க வந்து நில்லு புள்ள. வராட்டி அது செத்துப்போச்சுன்னு நெனச்சுக்குவேன்."

மகள் 'ம்' என்றாள்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. கேட்டு எழுதியிருந்தேன், வரவில்லை. அவள் படலைத் தாண்டிப் போவாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் 'ம்' என்பாள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை பாய் வந்து, துண்டு மூடிய மேசை முன்னால் டீ குடித்துவிட்டுப் போனார். மகள் அறையை விட்டு வரவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் தட்டில் சோறு மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். பகடைப் பையையும் சாக்பீஸ், பொத்தான், புளியங்கொட்டை, பாக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். என் மருந்துக் குப்பியையும் எடுத்தாள். படலைத் திறந்தாள். நான் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.  சத்தம் கேட்டால் திரும்பிவிடுவாளோ என்று இருமலைக்கூட அடக்கினேன்.

கடையில் பாயும், சீட்டுப்பை மாட்டிய ஒரு பஸ் கண்டக்டரும் இருந்தார்கள். மகள் பட்டாணி டப்பாவைத் தள்ளி, கல்லாப் பலகையில் பொத்தானையும் மற்றதையும் அவை நின்ற இடங்களிலேயே வைத்தாள். போன் வரத் தாமதமானது. பாய் தராசை மூன்று முறை துடைத்தார். மணி அடித்ததும் மகள்தான் எடுத்தாள்.

திருப்பூர் டெலிபோன் பூத்திலிருந்து பெண்மணியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "எரும கெடக்கா?"

"கெடக்குதுங்க்கா. எட்டுச் சுத்து இருக்கு."

"ஏனுங்க" என்று கண்டக்டர் என்னிடம் மெல்லக் கேட்டார், "எரும யாரோடதுங்க? சினையா?"

ஐந்தாம் சுற்று. பாட்டு ஓடுதா என்றாள். ஓடுது என்றேன். பாய் கடையில், கண்டக்டர் முன்னால், "பதிமூணு அஞ்சு அறுபத்தஞ்சு" என்று ராகம் போட்டேன். பாயின் வெட்டு பிசகியது. வேட்டைக்காரியின் அம்புக்கு மகள் உருட்டினாள். ஒன்பது, பலம் ஆறு, பதினைந்து. பாட்டுக்கு ஒன்று. பதினாறு. பூதத்தின்மேல் பட்டது. "பாட்டாலதாங்க்கா பட்டுச்சு" என்று போனில் சொன்னாள். பூதம் திருப்பி அடித்ததில் பாயின் உயிரில் பாதி போயிற்று. காட்டெருமை பூச்சியத்துக்குக் கீழே மூன்று.

ஆறாம் சுற்று. எழுபத்தெட்டு. எல்லோருக்கும் பிசகல். காட்டெருமை கீழே நான்கு.

பாணனுக்கு மூன்றாவதாக ஒரு வித்தை உண்டு. காயத்தில் கை வைத்து ஆற்றலாம். ஆனால் அதற்குப் பாட்டை நிறுத்திவிட்டுக் கிட்டே போக வேண்டும். பாட்டு நின்றால் எல்லோருடைய ஒன்றும் போய்விடும். நான் மனத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பூதத்துக்கு இன்னும் இரண்டு நல்ல அடி போதும். காட்டெருமைக்கு ஆறு சுற்று மிச்சம். பாடிக்கொண்டே பூதத்தை முடித்துவிட்டுப் பிறகு போனாலும் நேரம் இருக்கிறது. பாட்டை இப்போது நிறுத்துவது தப்புக் கணக்கு. இதை நான் சொன்னேன். மகள் போனில் அப்படியே சொன்னாள்.

"ஐயா சொல்றது விளங்குது" என்றது குரல். "ஆனா அது கெடக்குதுல்ல? பக்கத்துல ஒரு ஆள் போயி நிக்க வேணாமா?"

"வாத்தியாரே, போயிராதீங்க" என்றார் பாய். "நான் ஒத்தையா நிக்கிறேன். அந்த ஒண்ணு இல்லீன்னா என் கத வேற."

"மீட்டர் ஓடுது புள்ள, சீக்கிரம் சொல்லச் சொல்லு."

மகள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். பனியில் உதடு வெடித்திருந்தது. என் மஃப்ளர் அவள் முகவாய் வரை ஏறியிருந்தது. "பாட்டு ஓடுதாப்பா?" என்றாள்.

நான் பலகையைப் பார்த்தேன். பாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"நிறுத்திட்டேன்" என்றேன். "காட்டெருமைகிட்டப் போறேன்."

"யா அல்லா" என்றார் பாய்.

சாக்பீஸை எடுத்துப் பாக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். மகள் எட்டு முகப் பகடையை என்னிடம் கொடுத்தாள். எவ்வளவு ஆறுகிறது என்பதற்கு அது. உருட்டினேன். பட்டாணி டப்பாவில் இடித்து நின்றது.

"ஒண்ணுதாங்க்கா" என்றாள் போனில்.

அந்தப் பக்கம் பனியன் மிஷின் சத்தத்துக்கு மேல் குரல் உயர்ந்தது. "போதுமா?"

"போதும். இரத்தம் நின்னுருச்சு. இனிக் கொறையாது."

"எந்திரிக்குமா?"

"இப்ப எந்திரிக்காதுங்க்கா. அப்படியே கெடக்கும். சாகாது."

"அது போதும். கெடக்கட்டும். நான் அடுத்த ஞாயித்துக்..." என்றதோடு லைன் அறுந்தது.

மகள் போனை வைத்தாள். எல்லாவற்றையும் பைக்குள் எடுத்துப் போட்டாள். பூதத்துக்கும் பாய்க்கும் நடுவில் ஒன்றும் முடிவாகவில்லை. கண்டக்டர் பஸ்ஸைப் பிடிக்கப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். பாய் அவருக்கு முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.

நாங்கள் வீட்டுக்கு இறங்கினோம். அவள் முன்னால், நான் பின்னால். வெயில் இல்லை. பாதையின் இரண்டு பக்கமும் தேயிலை தலைக்கு மேல் நின்றது. பாதி வழியில் அவள் நின்றாள். இடப்பக்கம், பத்தடி தூரத்தில், செடிகளுக்கு நடுவே ஒரு காட்டெருமை நின்றிருந்தது. தனி ஆண். நெற்றி சாம்பல் நிறம். எங்களைப் பார்த்தது. மெல்லப் பின்னால் வந்துவிடு என்று நான் சொல்ல நினைத்தேன். தொண்டையில் இருமல்தான் வந்தது. அதையும் விழுங்கினேன்.

அவள் பின்வாங்கவில்லை. கையைப் பகடைப் பையின் மேல் வைத்துக்கொண்டு, வகுப்பில் நான் சொல்லிய அதே ராகத்தில், அடங்கிய குரலில், நான் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"பதிமூணு ஏழு தொண்ணூத்தொண்ணு. பதிமூணு எட்டு நூத்தி நாலு."

அதன் வலது காது ஒருமுறை அசைந்தது. ஈயாகவும் இருக்கலாம். அவள் அடுத்த வரியைச் சொன்னாள். நான் அசையாமல் நின்று, ஒற்றையா இரட்டையா என்று வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.